பிரீசர் கதவில் இருபத்தாறு சொற்கள்

கொடியேற இன்னும் பதினொரு நாள்.
கொழும்பில் ஏதோ ஹோட்டலில்
அரைநாள் வகுப்பிருந்து வந்திருக்கிறார் முதலாளி.
சாப்பாடு நல்லமாம், ஏசிதான் கூடிப்போச்சாம்.
கையோடு கொண்டுவந்த தாளைப்
பெரிய பிரீசரின் கதவில் ஒட்டினார்:
சீசன் தொடங்க முன் தெரியவேண்டிய
ஆங்கிலச் சொற்கள், இருபத்தாறு.

ஸ்ரொக். ரஷ். பீக். பக்லொக்.
கோன் அடுக்குகிற கை நிற்காமல்
ஐந்து பேரும் வாசித்தோம்.
"பக்லொக் எண்டால் பின்கதவுப் பூட்டோ?"
கேட்டது மரிசிலின்.
"செய்து முடிக்காமல் குவிஞ்சு கிடக்கிற வேலை."
"அப்ப உந்தச் சிங்கில கிடக்கிறது?"
"ஓம், உதுதான்."
அன்றிலிருந்து கழுவாத கிண்ணங்களுக்கு
எங்கள் கடையில் அதுதான் பெயர்.

ஷோட்டேஜுக்கு மட்டும் அவர் விளக்கம் சொல்லவில்லை.
சவர்க்காரத்தை நூலால் அறுத்து
நாலு வீட்டுக்குப் பங்கிட்ட ஒழுங்கையில் வளர்ந்தவர்.
விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

பதினேழாவது, ரெம்பரரி.
தர்மிகா சீசனுக்கு மட்டும் எடுத்த பிள்ளை,
மல்லாகத்தில் பஸ் ஏறி வருபவள்.
மற்றச் சொல்லெல்லாம் அவள் வாயில் தடக்கி விழும்.
இதை மட்டும் தாளைப் பாராமலே சொன்னாள்.
"எங்கட முகாம் வாசல் பலகையில இருந்தது.
நான் பிறக்க முதலே அடிச்ச பலகை.
அக்காவுக்குக் கலியாணம் நடந்ததும்
அதுக்குக் கீழதான்."
பிறகு, சம்பளக் கதை மாதிரி, சாதாரணமாய்,
"இஞ்ச ரெம்பரரி எத்தினை நாள்?"
"இருபத்தைஞ்சு," என்றார் முதலாளி.
ஏனோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கொடி ஏறியது.
வீதியை மறித்து மணல் பரவினார்கள்.
'ஹவ் மே ஐ ஹெல்ப் யூ' பாடமாக்கி
வரிசையாய் நின்றோம்.
முதல் வந்தது ஒஸ்லோக் குடும்பம்,
பின்னால் சூரிச், பாரிஸ்.
பிள்ளைகளின் ஆங்கிலம் எங்களுடையதைப் போலத்தான்,
அரை அவியல்.
வேட்டி நழுவ நின்ற ஒரு பொடியன்
கவுண்டரில் நாடியை ஊன்றி
ஒவ்வொரு எழுத்தாய் உச்சரித்தான்:
"எனக்கு ஒரு பனிக்கூழ் தாருங்கள்."
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சொல்.
நாங்கள் தாளைத் திரும்பிப் பார்த்தோம். அதில் இல்லை.
"கூழ் இஞ்ச இல்லை ராசா,
குருநகருக்கு வா, நண்டு போட்டுத் தாறன்,"
என்றாள் மரிசிலின்.
கொடியேறின வீதியில் நண்டா என்று
முதலாளி பார்த்த பார்வையில்
பிரீசர் இன்னும் இரண்டு பாகை இறங்கியது.

தேரன்று பின்னேரம் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிப் படுத்துவிட்டது.
வாசலில் சனம், உள்ளே வனிலா.
இருபத்தாறில் ஒன்றும் அப்போது
அவர் வாய்க்கு வரவில்லை.
"ஐயோ பிள்ளையள், உருகுது!"
எல்லாருக்கும் விளங்கியது,
ஒஸ்லோவுக்கும்.
காவடி ஆடிக் களைத்தவர்களுக்குக்
காசில்லாமல் அள்ளிக் கொடுத்தோம்.
துவாரகன் முழங்கைவரை ஸ்ரோபெரி.

தீர்த்தம் முடிந்து மறுநாள்
வெளியே மணலை வாரி ஏற்றுகிற சத்தம்.
தாள் ஈரத்தில் சுருண்டிருந்தது,
ரஷ் ஊதிப்போய், பீக் கீழ்ப்பாதி கரைந்து.
தர்மிகா கடித உறையை எண்ணிப் பார்க்காமல்
கைப்பைக்குள் வைத்தாள்.
ஒரு துணி எடுத்து பிரீசர் கதவைத் துடைத்தாள்,
கொஞ்சம் அதிக நேரம்.
அவள் போன பிறகுதான் கண்டோம்:
பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு.
நடுவில் ஒரு விரலகலம் வெறும் வெள்ளை.

முதலாளியும் கண்டவர்.
கேட்கவில்லை.
பால்காரருக்குப் போன் எடுத்து
நாளைக்குப் பாதி போதும் என்றார்.

சிங்கில் பக்லொக் அப்படியே கிடக்கிறது.